கேட்பவரின் பாரத்தை யார் கேட்பது?

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறி எழுவைதீவில் இறங்குகிறவர் ஆர், ஆரைத் தேடி வந்தவர் எண்டது கொஞ்ச நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். சின்னத் தீவு, போக்குவரத்துக்குப் படகுதான். அங்கே ஒரு பெண் உளவளத்துணையாளரிடம் மனந்திறந்து பேசினால், மறுநாள் இருவரும் ஒரே படகில் எதிரெதிரே இருக்க நேரலாம். கேட்டது அமானிதம், வெளியில் சொல்ல முடியாது. அப்படியானால் கேட்டவர் தம் பாரத்தை எங்கே இறக்கி வைப்பார்?

இக்கேள்விக்கு உளவளத்துணைத் துறை கண்ட விடை 'மேற்பார்வை'. பெயரைக் கேட்டதும் பிழை பிடிக்கிற மேலதிகாரிதான் பலருக்கு நினைவில் வருவார். இது அதுவல்ல. 1920-இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கனும் தோழர்களும் திறந்த உளப்பகுப்பாய்வு நிலையத்தில், பயிலுநர் தாம் பார்க்கும் நோயாளரைப் பற்றி மூத்தவர் ஒருவரோடு தொடர்ந்து உரையாடும் முறை உருப்பெற்றது. 1980-களில் பிரிஜிட் புரொக்டர் மேற்பார்வைக்கு மூன்று பணிகளை வகுத்தார்: ஒழுங்கைப் பேணல், திறனை வளர்த்தல், களைத்த மனதைத் தேற்றல். தகைமை பெற்றுவிட்டால் இது முடிந்துபோவதில்லை. பிரித்தானியச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற உளவளத்துணையாளர் எத்தனை வருட அனுபவசாலியானாலும் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வை பெறவேண்டும்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான எண்ணமல்ல. ஹிஜ்ரி 243-இல் (கி.பி. 857) பக்தாதில் மறைந்த ஹாரிஸ் அல்முஹாஸிபி, உள்ளத்தைக் கணக்குப் பார்க்கும் 'முஹாஸபா'வாலேயே பெயர் பெற்றவர். ஷைகிடம் முரீது தன் மனநிலையை மறைக்காமல் சொல்வதும் நாமறிந்ததே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே நோக்கம் முரீதின் ஆன்மீகம், இங்கே முதல் நோக்கம் உதவி தேடி வந்தவரின் நலன்.

யாழ்ப்பாணத்தில் 1987-இல் 'சாந்திகம்' தொடங்கியபோது யுத்தம் வாசலில் நின்றது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் சமூக மட்டத்தில் உளநலப் பணியாளரைப் பயிற்றுவித்தனர். 1995 ஒக்டோபர் 30-இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. ஆறுதல் சொல்ல வேண்டியவரும் சனத்தோடு சனமாக மூட்டையோடு நடக்க வேண்டிய காலம் அது. அதற்குச் சரியாக ஐந்து வருடத்துக்கு முன், 1990-இல் அதே ஒக்டோபர் 30-இல்தான், சோனகதெருவிலிருந்து நம் மக்கள் புலிகளால் ஓரிரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். புத்தளம் முகாமில் வளர்ந்த பிள்ளை இன்று உளவளத்துணையாளராகி, இன்னொருவரின் இடப்பெயர்வுக் கதையைக் கேட்கும்போது தன் உம்மாவின் கண்ணீர் குறுக்கே வரும். அது குற்றமல்ல. ஆனால் அது தன்னுடையதா, வந்தவருடையதா எண்டு பிரித்துப் பார்க்க இன்னொருவர் வேணும். மேற்பார்வை அங்கேதான் அவசியமாகிறது.

2004 சுனாமிக்குப் பின் குறுகிய காலப் பயிற்சிகள் பல நடந்தன. பயிற்சி சான்றிதழோடு முடியும். மேற்பார்வை அப்படி முடியக்கூடாது. தீவுகளுக்கு இது இன்னும் பொருந்தும். மேற்பார்வையாளர் அதே தீவைச் சேராதவராக இருப்பது நல்லது. பெயரையும் அடையாளத்தையும் நீக்கித்தான் விடயம் பேசப்பட வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் தொலைபேசியாவது கைகொடுக்க வேண்டும்.

நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சங்கங்களும் இளைஞர்களை உளவளத்துணைப் படிப்புக்கு அனுப்புகையில், 'சான்றிதழ் ஆர் தருவினம்?' எண்டு கேட்கிறோம். 'பிறகு இந்தப் பிள்ளையின் பாரத்தை ஆர் கேட்பினம்?' எண்டும் கேட்போம்.