75 சென்ட் கணக்கு



எலக்ட்ரானிக்ஸ், நெட்வொர்க் என்று வேலை பார்க்கும் நம் கடப்பாக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் துறை எப்படிக் காவல் வேலையாகவும் மாறியது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

1967-ல் அணுசக்தித் துறையின் கீழ் ஐதராபாத்தில் இ.சி.ஐ.எல். நிறுவனம் தொடங்கியது. அணுசக்தித் துறைக்கான கருவிகளோடு டி.வி., கம்ப்யூட்டர் என்று பலவற்றையும் செய்தது. அப்போதெல்லாம் ரகசியத்தைத் திருட ஆள் நேரில் வரவேண்டும்.

1986-ல் எர்நெட் திட்டம் பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி. உட்பட 8 நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் முயற்சி அது. இந்திய இணையத்துக்கு விதை அதுதான்.

அதே 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் பயன்பாட்டுக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. ஒரு டாலர்கூட இல்லை! "போகட்டும்" என்று விடாமல் தோண்டினார் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியல் ஆய்வாளர். யாரோ வெளியாள் உள்ளே வந்து போவது தெரிந்தது. பொய்யான ராணுவக் கோப்புகளைத் தூண்டிலில் இரையாகப் போட்டார். திருடன் அவற்றை நகலெடுத்துக்கொண்டு நெடுநேரம் இணைப்பிலேயே இருந்தான். அதற்குள் தொலைபேசித் துறையினர் அழைப்பு வந்த வழியைப் பிடித்துவிட்டார்கள். ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் அவன். திருடியதைச் சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.க்கு விற்றவன். 1990-ல் தண்டனை பெற்றான். வானத்தைப் பார்த்தவர் எதிர் உளவு வேலையும் செய்ய நேர்ந்தது.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்கவேண்டாம். 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்தது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி இணையத்தோடு சேராமல் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது.

நமக்கு வடக்கே, அதே கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் இருக்கிறது. ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

பிள்ளைகளே, கணக்கு எங்கே உதைத்தாலும் தொகை சிறிது என்று தள்ளாதீர்கள். கண்டதை மறைக்காமல் மேலே சொல்லுங்கள். இந்தத் துறையில் காவல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வேலையில் இருப்பவர்கள் ரகசியத்தைச் சொல்லவேண்டாம், நலமா என்று மட்டும் கீழே எழுதுங்கள்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்