நாய் இனத்தேர்வின் அளவுகோல்: எடுத்தனூர் நடுகல் முதல் சைதாப்பேட்டை வரை

முதன்முறையாக நாய் வளர்க்க முனைவோர் இன்று பெரும்பாலும் தோற்றத்தைக் கொண்டே இனத்தைத் தேர்கின்றனர். தமிழகத்தின் பழைய அளவுகோல் பணியே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. மாமல்லபுரத்திற்குத் தன் பட்டப்பெயரை வழங்கிய முதலாம் நரசிம்மவர்மனின் தந்தை இம்மன்னன். வீழ்ந்த வீரனுடன், கள்வர் இருவரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயும் இக்கல்லில் உருவம் பெற்றுள்ளது. கல்வெட்டு நாயின் பெயரையும் செயலையும் கூறுகிறது. நிறத்தையோ இனத்தையோ கூறவில்லை. நடுகல் வாசகங்கள் சுருக்கமானவை. ஆதலின் இம்மௌனத்தை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது.

எனினும் பிற்கால இனங்களும் இதே திசையைச் சுட்டுகின்றன. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கும், இராஜபாளையம், கோம்பை ஆகியவை பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேணப்பட்டன. இராஜபாளையத்தில் தூய வெண்ணிறமே சிறப்பெனத் தேர்ந்ததன் விளைவை அவ்வினத்தில் காணப்படும் பிறவிச் செவிட்டுத்தன்மை உணர்த்துகிறது. வெண்மையை விளைவிக்கும் நிறமிக் குறைபாடு உட்செவியையும் தாக்கவல்லது. காவல் நாய்க்குச் செவி இன்றியமையாதது. ஈண்டுத் தோற்றம் பணியைத் தோற்கடித்தது.

முன்னாள் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய சைதாப்பேட்டையில், தமிழக அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு 1980-81 முதல் நாட்டினங்களைப் பேணி, குட்டிகளைப் பொதுமக்களுக்கு விற்றுவந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க இக்கடற்கரையில் அடர்மயிர் அயலினங்கள் இடர்ப்படும். குறுமயிர் நாட்டினங்கள் தாங்கும். ஆயினும் வேட்டைக்கு உருவான நாய்க்கு ஓடுவெளி வேண்டும். எனவே புதியவர் முதலில் வினவ வேண்டியது, தம் இல்லத்தில் அந்நாய்க்குரிய பணியும் இடமும் உளவா என்பதே.