மடைப் பள்ளத்து மீன்

ஆழ்நீரில் பிடிபட்ட பெருமீனை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்னும் வழக்கில், முதிர்ந்த மீனே மிகுதியாக முட்டையிடும் என்பது ஒரு தரப்பின் வாதம். ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை உப்பிவிடுவதால், விட்டாலும் அது பிழைப்பது அரிது என்பது மறுதரப்பின் விடை. மதுரைச் சமவெளியின் கண்மாய்களில், அதாவது மழைநீரையும் கால்வாய் வரத்தையும் கரைகட்டித் தேக்கும் ஏரிகளில், இவ்வழக்குக்கு இடமே குறைவு. அறுவடைக்குப் பின் நீர் வற்றிக் கரையோர மடைப் பள்ளத்தில் ஒடுங்க, அங்கு ஒதுங்கும் பெருமீன்களைப் பிடிக்காவிட்டால் வெயில் கொன்றுவிடும். காற்றைச் சுவாசிக்கவல்ல விரால் போன்ற சில மீன்களே ஈரச் சேற்றில் சில காலம் தாக்குப்பிடிக்கும். ஆகவே இங்கு எழுந்த கேள்வி, அந்த மீன் யாருக்குரியது என்பதே.

அதற்கு ஒரு பழைய விடையைக் கல்வெட்டுகள் தருகின்றன. ஏரி மீனைக் குத்தகைக்கு விடுவதால் கிடைக்கும் வருவாய் 'பாசிப்பாட்டம்' எனப்பட்டது. அதை ஏரியைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் செலவிட்ட செய்திகள் தமிழகக் கல்வெட்டுகளில் உண்டு. மீன் வளர்வதற்கான ஆழத்தை மீனின் விலையே தோண்டிக் கொடுத்தது என்பது இவ்வேற்பாட்டின் நுட்பம். இன்றைய 'மீன்பாசிக் குத்தகை' என்னும் வழக்கில் அச்சொல் எஞ்சி நிற்க, பணத்துக்கும் தூர்வாருதலுக்கும் இருந்த பிணைப்பு தளர்ந்துவிட்டது.

மற்றொரு விடை மேலூர் வட்டாரத்து மீன்பிடித் திருவிழா. கண்மாய்த் தெய்வத்தை வணங்கி, ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசிய பின்னரே, அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடையான ஊத்தாவோடும் வலையோடும் மக்கள் சாதி மத வேறுபாடின்றி இறங்குகின்றனர். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்தால்தான் மழை பொழியும் என்பது நம்பிக்கை. பெருமீன் கைப்பட்டவருக்கே உரியது, சந்தைக்கு அன்று.

முட்டையிடும் தாய்மீனைக் காக்கும் வாதமும் இங்கு மீனுக்கு மீன் வேறுபடும். குத்தகைதாரர்கள் விடும் கட்லாவும் ரோகுவும் வட இந்திய ஆற்று மீன்கள். தேங்கிய நீரில் அவை இனப்பெருக்கம் செய்யா. 1957இல் ஒடிசாவில் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி ஊக்குநீர் செலுத்தி இவ்வகை மீன்களை முட்டையிடச் செய்த முறையே குஞ்சு பொரிப்பகங்களுக்கு வழிவகுத்தது. எனவே பெரிய கட்லாவை விட்டுவைத்தாலும் கண்மாய்க்கு மறுதலைமுறை கிடைக்காது. விராலோ கண்மாயிலேயே முட்டையிட்டுச் செந்நிறக் குஞ்சுகளைக் காவல் காப்பது. ஆயினும் திருவிழா நாளில் ஊத்தா இரண்டையும் பிரித்தறிவதில்லை. தூர்வாரப்படாமல் மடைப் பள்ளம் தூர்ந்த கண்மாய்களிலோ எம்மீனும் பெரிதாகும் முன்பே நீர் வற்றிவிடுகிறது.