ஹாஷ்டேக் பிறந்த கதை

ஒரு காலத்தில் # என்ற குறி நம்மூரில் எதற்குப் பயன்பட்டது? செல்போனில் பேலன்ஸ் பார்க்க! ஸ்டாரில் ஆரம்பித்து ஹாஷில் முடியும் எண்ணை அழுத்தினால் மீதிக் காசு தெரியும். அவ்வளவுதான். இன்றோ கல்லூரிக் கலைவிழா முதல் சினிமா இசை வெளியீடு வரை எல்லாப் போஸ்டரிலும் அந்தக் குறி இருக்கிறது. இதன் தொடக்கமும் ஒரு நிகழ்ச்சியின் பெயரில்தான்.

அந்த நிகழ்ச்சி 'பார்கேம்ப்'. அமெரிக்காவில் ஓ'ரெய்லி நிறுவனம், அழைப்பு பெற்ற கணினித் துறையினருக்கு மட்டும் 'ஃபூ கேம்ப்' என்ற கூட்டத்தை நடத்தி வந்தது. அழைப்பே இல்லாமல் யாரும் வரட்டும் என்று சிலர் ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு செய்த கூட்டம்தான் பார்கேம்ப். 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்டோ நகரில் முதலில் நடந்தது. அடுத்த ஆண்டே சென்னைக்கும் வந்துவிட்டது. முதல் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் கிறிஸ் மெஸினா.

2007ல் ட்விட்டருக்கு வயது ஒன்றுதான். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி நூறு பேர் எழுதினாலும் அவற்றைச் சேர்த்துப் படிக்க வழியில்லை. ஐ.ஆர்.சி. என்ற பழைய அரட்டை முறையில் ஒவ்வொரு அரட்டை அறையின் பெயருக்கு முன்னும் # இருக்கும். அதையே இங்கும் பயன்படுத்தினால் என்ன என்று 2007 ஆகஸ்ட் 23 அன்று மெஸினா ட்விட்டரில் கேட்டார். அவர் காட்டிய உதாரணம் #பார்கேம்ப்.

ட்விட்டர் நிறுவனம் உற்சாகம் காட்டவில்லை. இது கணினிப் பித்தர்களின் சமாச்சாரம், பொதுமக்களிடம் எடுபடாது என்று நினைத்தார்கள். ஆனால் அதே அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் காட்டுத்தீ பரவியபோது, செய்திகளைத் திரட்ட #சான்டியாகோஃபயர் உதவியது. 2009ல் ட்விட்டரே ஹாஷ்டேக்கைச் சொடுக்கக்கூடிய இணைப்பாக மாற்றியது.

மெஸினா இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இது இவ்வளவு தூரம் பரவியிருக்காது என்பது அவர் கருத்து. வணிகக் கண்ணோட்டத்தில் இது விசித்திரமான விஷயம். விளம்பரப் பலகைக்கு வாடகை உண்டு, உரிமையாளர் உண்டு. ஹாஷ்டேக்குக்கு இரண்டும் கிடையாது. இதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

பலத்துக்கு உதாரணம், 2012ல் நியூயார்க்கில் தொடங்கிய #கிவிங்ட்யூஸ்டே. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையில் நன்கொடை கொடுங்கள் என்ற அழைப்பு அது. எந்தத் தொண்டு அமைப்பும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். அதனாலேயே நாடு நாடாகப் பரவியது.

ஆபத்துக்கு உதாரணமும் அதே 2012தான். ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயிலின் புதிய ஆல்பத்துக்காக #சூசன்ஆல்பம்பார்ட்டி என்று அறிவித்தார்கள். ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதியதால் சொற்களை வேறு மாதிரிப் பிரிக்க முடிந்தது. வந்தது ஆபாசமான அர்த்தம்! நிகழ்ச்சியை விட்டுவிட்டு உலகமே கேலியில் இறங்கியது. ஹாஷ்டேக்கை மாற்றியும் பயனில்லை. விட்ட சொல் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது.

ஹாஷ்டேக் என்பது ஊர்ப் பொதுத் திண்ணை மாதிரி. பேச்சை ஆரம்பித்து வைக்கலாம், அது எங்கே போகும் என்பது உட்காருகிறவர்கள் கையில். அழைப்பில்லாமல் யாரும் வரலாம் என்ற கூட்டத்தின் பெயரில் பிறந்த குறி வேறெப்படி இருக்கும்? நிகழ்ச்சி நடத்துபவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: வெளியிடும் முன் நாலு பேரிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவது!