தரகு நிறுவனம் வங்கியான கதை

அமெரிக்காவில் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் போட்டுவைத்த பணத்தைக் கொண்டே செக் எழுதி வாடகை கட்டலாம், கார்டைத் தேய்த்து மளிகை வாங்கலாம் என்ற ஏற்பாடு முழு வடிவம் பெற்றது 1977இல். மெரில் லிஞ்ச் நிறுவனம் அந்த ஆண்டு ‘கேஷ் மேனேஜ்மென்ட் அக்கவுன்ட்’ என்ற கணக்கைத் தொடங்கியது. சுருக்கமாக சி.எம்.ஏ. என்றார்கள். பின்னாளில் அந்தப் பெயரே இவ்வகைக் கணக்குகளுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது.

இப்படியொரு கணக்கு தேவைப்பட்டதற்குக் காரணம் 1933ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம். பெருமந்தத்தில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூழ்கிய பின், கிளாஸ்-ஸ்டீகல் என்று அறியப்பட்ட அந்தச் சட்டம் வங்கித் தொழிலையும் பங்கு, கடன் பத்திரத் தொழிலையும் பிரித்தது. பத்திர நிறுவனங்கள் டெபாசிட் வாங்கக் கூடாது. வங்கிகள் செக் கணக்குக்கு வட்டி தரக் கூடாது. சேமிப்புக் கணக்கின் வட்டிக்கோ ‘ரெகுலேஷன் க்யூ’ என்ற விதி உச்சவரம்பு வைத்தது. டெபாசிட்டுக்கு அரசுக் காப்பீடு தரும் எஃப்.டி.ஐ.சி. அமைப்பும் இதே சட்டத்தில்தான் பிறந்தது.

விலைவாசி அடங்கியிருந்தவரை இந்த வரம்பு யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. 1974இல் பணவீக்கம் 11 சதவீதத்தைத் தொட்டபோது வங்கிச் சேமிப்புக்குக் கிடைத்த அதிகபட்ச வட்டி 5 சதவீதம். அரசின் கருவூல உண்டியல்கள் கூடுதல் வட்டி தந்தன. ஆனால் 1970 முதல் அவற்றை வாங்கக் குறைந்தது 10,000 டாலர் வேண்டியிருந்தது. பணக்காரருக்கு வழி இருந்தது. சிறு சேமிப்பாளர் ஆண்டுதோறும் இழந்துகொண்டிருந்தார். இதைச் சேமிப்பாளருக்கு இழைத்த அநியாயம் என்றே சொல்ல வேண்டும். புரூஸ் பென்ட், ஹென்றி பிரவுன் இருவரும் 1971இல் தொடங்கிய ‘ரிசர்வ் ஃபண்ட்’ இதற்கு ஒரு வழி கண்டது. பலரிடம் திரட்டிய சிறு தொகைகளைக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போட்டு, வரும் வட்டியைப் பகிர்ந்து கொடுத்த முதல் பணச் சந்தை நிதி அது. 1974இல் ஃபிடலிட்டி நிறுவனம் அத்தகைய நிதியிலிருந்து செக் எழுதும் வசதியையும் சேர்த்தது.

மெரில் லிஞ்ச் செய்தது, இந்தத் துண்டுகளையெல்லாம் ஒரே கணக்கில் கோத்தது. அப்போது நிறுவனத்தின் தலைவர் டொனால்ட் ரீகன். பின்னாளில் அமெரிக்க நிதியமைச்சரானவர். பணமாகவோ பங்காகவோ 20,000 டாலர் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு கிடைத்தது. பங்கு விற்ற பணமும் வந்த ஈவுத்தொகையும் சும்மா கிடக்காமல் தானாகவே பணச் சந்தை நிதிக்குப் போய் வட்டி ஈட்டின. செக்கையும் விசா கார்டையும் தரகு நிறுவனம் சட்டப்படி தானே வழங்க முடியாது என்பதால், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்து வங்கி ஒன்று அந்த வேலையை ஏற்றது. பிற்காலத்தில் ‘பாங்க் ஒன்’ எனப் பெயர் பெற்ற வங்கி அது.

வாடிக்கையாளர் எழுதிய செக் வந்து சேர்ந்ததும் நடந்ததைக் கவனித்தால் ஏற்பாட்டின் நுட்பம் விளங்கும். முதலில் கணக்கில் இருக்கும் ரொக்கம் எடுக்கப்படும். போதாவிட்டால் பணச் சந்தை நிதியின் யூனிட்டுகள் விற்கப்படும். அதுவும் தீர்ந்தால், கணக்கிலுள்ள பங்குகளின் பேரில் மார்ஜின் கடன் தானாக ஏறி, செக் பாஸாகிவிடும். மாதக் கடைசியில் பங்கு, வட்டி, செக், கார்டுச் செலவு எல்லாம் ஒரே அறிக்கையில் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த முறைக்கே மெரில் லிஞ்ச் காப்புரிமை பெற்றது. பெயின் வெப்பர் நிறுவனம் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1983இல் டெலாவேர் கூட்டாட்சி நீதிமன்றம், இது காப்புரிமை பெறத்தக்க பொருளே என்றது. வணிக முறைகளுக்குக் காப்புரிமை உண்டா என்ற நீண்ட வாதத்தின் முன்னோடி வழக்குகளில் இதுவும் ஒன்று.

வங்கிகள் கொதித்தன. உரிமம் இல்லாமல் வங்கித் தொழில் செய்வதாகச் சில மாநிலங்களில் புகார் எழுந்தது. ஆனால் மக்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டேயிருந்தார்கள். 1982 இறுதியில் பணச் சந்தை நிதிகளில் 200 பில்லியன் டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. சட்டம்தான் இறங்கிவந்தது. 1980இல் வட்டி வரம்பைப் படிப்படியாக நீக்க முடிவாயிற்று. 1982இல் வங்கிகளே பணச் சந்தை விகிதத்தில் டெபாசிட் கணக்கு தொடங்க அனுமதி கிடைத்தது. 1999இல் இரு தொழில்களையும் ஒரே குழுமம் நடத்தலாம் என்றாயிற்று. செக் கணக்குக்கு வட்டி கூடாது என்ற தடை மட்டும் 2011 வரை நீடித்தது.

இடையில் பணம் தங்கும் இடமும் மாறியது. தரகு நிறுவனங்கள் உபரி ரொக்கத்தை நிதிகளுக்குப் பதிலாக எஃப்.டி.ஐ.சி. காப்பீடுள்ள வங்கிகளுக்கு அனுப்பத் தொடங்கின. இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது 2008 செப்டம்பரில் தெரிந்தது. லேமன் பிரதர்ஸ் திவாலானதும், அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்டின் ஒரு டாலர் யூனிட் 97 சென்ட்டுக்கு இறங்கியது. முதல் பணச் சந்தை நிதியைத் தொடங்கிய அதே நிறுவனத்தின் நிதி அது. வங்கி டெபாசிட்டுக்கான காப்பீடு அடுத்த மாதமே 2,50,000 டாலராக உயர்ந்தது.

இன்று ஃபிடலிட்டி போன்ற நிறுவனங்களின் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ஏ.டி.எம். கட்டணத்தையும் திருப்பித் தருகிறார்கள். பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் ஓயவில்லை. 2018 டிசம்பரில் ராபின்ஹுட் என்ற தரகு நிறுவனம் 3 சதவீத வட்டியில் செக், சேமிப்புக் கணக்கு தருவதாக அறிவித்து, தரகு வாடிக்கையாளருக்கான எஸ்.ஐ.பி.சி. பாதுகாப்பு அதற்கு உண்டு என்றது. பங்கு வாங்குவதற்காக வைத்த ரொக்கத்துக்குத்தான் தன் பாதுகாப்பு என்று அந்த அமைப்பே மறுத்ததும் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. 2019இல் அது ‘கேஷ் மேனேஜ்மென்ட்’ என்ற பழைய பெயரில் திரும்பி வந்தது. இம்முறை வாடிக்கையாளர் பணம் காப்பீடுள்ள வங்கிகளுக்குப் போனது.