சர்வரில் ஓடும் டெர்மினலை லேப்டாப்பில் திறப்பது எப்படி?

லினக்ஸ் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போய் ‘எக்ஸ்டெர்ம்’ என்று அடிக்கிறீர்கள். விண்டோ திறக்காமல் ‘டிஸ்ப்ளே’ எரர் வருகிறதா? விண்டோவை எந்தத் திரையில் வரைவது என்று அந்த புரோகிராமுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1984-இல் எம்ஐடியில் உருவான எக்ஸ் விண்டோ சிஸ்டத்தில் பெயர்கள் தலைகீழ். திரை இருக்கும் உங்கள் லேப்டாப்தான் ‘எக்ஸ் சர்வர்’. மேக் என்றால் அதற்கு எக்ஸ்குவார்ட்ஸ் போடணும்.

எந்த ஆப்ஷன் எதற்கு?

எஸ்எஸ்எச் கமாண்டில்:

● -எக்ஸ் (பெரிய எழுத்து): சர்வரில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் அனுமதி இருந்தால், டிஸ்ப்ளே தானாக செட் ஆகும். அதைக் கையால் மாற்றாதீங்க.

எக்ஸ்டெர்ம் கமாண்டில்:

● -பிஜி: பின்னணி நிறம். புரொடக்‌ஷன் சர்வருக்கு மட்டும் சிவப்பு வைத்தால், தப்பான விண்டோவில் கமாண்ட் அடிக்கும் ஆபத்து குறையும்.

● -ஹோல்டு: வேலை முடிந்தாலும் விண்டோ மூடாது. எரரை நிதானமாகப் படிக்கலாம்.

● -இ: விண்டோவில் ஓட வேண்டிய கமாண்ட். இது கடைசியில்தான் வரணும். இதற்குப் பின் எழுதும் எல்லாமே அந்த கமாண்டின் பகுதி.

எங்கே உஷார்?

எஸ்எஸ்எச்சில் பெரிய எழுத்து ‘-ஒய்’ போட்டால், சர்வரை முழுசாக நம்புகிறீர்கள் என்று அர்த்தம். அங்கே ரூட் அதிகாரம் உள்ளவர் நினைத்தால், உங்கள் லேப்டாப்பில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைக்கூட கவனிக்க முடியும். டெபியன், உபுண்டுவில் ‘-எக்ஸ்’ஸும் இயல்பாக இப்படித்தான் வேலை செய்யும். அதனால் தெரியாத சர்வரில் இரண்டுமே வேண்டாம்.

நெட் கட் ஆனால் விண்டோவோடு அதில் ஓடும் வேலையும் போய்விடும். ராத்திரி முழுக்க ஓட வேண்டியதை சர்வரில் டிமக்ஸுக்குள் தொடங்குங்க.