நீரோட்டம் பார்க்க நிலவுக்குப் போன ராடார்

தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பது பழைய வழக்கம். வேப்பங்கவையோ உள்ளங்கையில் தேங்காயோ ஏந்தி அவர் கொல்லையைச் சுற்றி வருவார். அங்கிருந்து கப்பலேறி மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் கண்டதோ வேறு உலகம். மலையடிவாரத்தில் தானாகக் கசிந்த தெளிந்த நீரில் மலேரியாக் கொசு பெருகியது. டாக்டர் மால்கம் வாட்சன் அந்த நீரைக் குழாய் பதித்து நிலத்துக்கடியில் ஓடவிடச் செய்தார். அங்கே தோண்டித் தேடிய நீரை இங்கே மண்ணுக்குள் அனுப்ப வேண்டியிருந்தது!

நீர் தேடும் கலைக்கு வயது அதிகம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் அதற்கெனத் தனி அத்தியாயமே எழுதினார். புற்று, மரம், மண்ணின் நிறம் என எல்லாம் மேற்பரப்பின் அடையாளங்கள்.

ராடாரோ நிலத்துக்குள் அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 நிலவைச் சுற்றியபடியே அதன் அடிநிலத்தை இப்படிச் சோதித்தது. 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தின் ராடார், சகாரா மணலுக்கடியில் புதைந்து கிடந்த பழைய ஆற்றுத் தடங்களைக் காட்டியது. மணல் காய்ந்திருந்ததால்தான் அது முடிந்தது; மலாயாவில் கோலா பிலாவின் ஈரமண்ணில் அதே அலை மேலேயே அடங்கிவிடும்.

நிலவோ எலும்பாய்க் காய்ந்த இடம். 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர், பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அதில் நாசாவின் மினி-சார் என்ற சிறு ராடாரும் இருந்தது. வெயிலே படாத துருவப் பள்ளங்களை அது துழாவியது. வடதுருவத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கலாம், குறைந்தது 60 கோடி டன் தேறும் என்று 2010 மார்ச்சில் அறிவித்தார்கள்.

அந்த எண்தான் செய்தித்தாள்களில் ஓடியது. ஆனால் அதன் பின்னிருந்த வாதமே அருமையானது. பனிக்கட்டி தரும் எதிரொலியைக் கரடுமுரடான பாறையும் தரும். அண்மையில் உண்டான பள்ளமென்றால் பாறைகள் விளிம்புக்கு வெளியேயும் சிதறிக் கிடக்கும். எதிரொலி இரு பக்கமும் பலமாக வரும். இந்தப் பள்ளங்களிலோ உட்புறம் மட்டுமே அப்படி ஒலித்தது. ஆகவே பனி என்றார்கள். எல்லோரும் ஒப்பவில்லை.

இன்னொரு சாட்சி தேவைப்பட்டது. அதற்கான முயற்சி 2009 ஆகஸ்ட் 20 அன்றே நடந்திருந்தது. எர்லாங்கர் பள்ளத்தை நோக்கிச் சந்திரயான் அலை அனுப்ப, நாசாவின் எல்ஆர்ஓ கலமும் சேர்ந்து கேட்பது என்று ஏற்பாடு. சந்திரயான் சரியான திசையில் திரும்பியிராததால் அது பலிக்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று கலத்தின் தொடர்பே அறுந்தது.

செவ்வாயிலும் இதே வழக்குதான். மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் மார்சிஸ் ராடாரை வைத்து, தென்துருவப் பனிக்கடியில் சுமார் 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் திரவநீர் இருப்பதாக 2018 ஜூலையில் இத்தாலிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். களிமண்ணும் அப்படி எதிரொலிக்கும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

மீண்டும் நிலவுக்கு 2019இல் புறப்பட்ட சந்திரயான்-2 சுற்றுக்கலத்தில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய ராடார் இருக்கிறது. எல், எஸ் என இரண்டு அலைவரிசைகளில் அது இயங்குகிறது. நீளமான எல் அலை கூடுதல் ஆழம் இறங்கும். ஒரே பள்ளத்திலிருந்து இரண்டும் கொண்டுவரும் எதிரொலிகளை ஒப்பிட்டுப் பாறையா பனியா என்று பிரித்தறியப் பார்க்கிறார்கள்.